இல்லத்துப் பிள்ளைகளுக்குப் பல் விளக்கச் சொல்லித்தரப் போகிறோம், எங்கிருந்து தொடங்குவது?

தருமபுரிப் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் முப்பது பிள்ளைகளுக்கு ஒருநாள் வகுப்பு எடுக்கப் போவதாகவும், பெரிய பல் பொம்மையும் பிரஷ்களும் வாங்கிவிட்டதாகவும் கேட்டவர் எழுதியிருக்கிறார். பொம்மை இருக்கட்டும். முதலில் அந்த ஊர்த் தண்ணீரைப் பற்றித் தெரிந்துகொண்டு போங்கள்.

நான் பல் மருத்துவன் இல்லை. அதே மாவட்டத்துப் பாலக்கோடு பக்கம் ஓர் இல்லத்துக்கு நாலு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்குச் சொல்லித்தரப் போகிறேன். போன புதிதில் ஒரு தப்புச் செய்தேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு முன்பல் இரண்டிலும் காப்பித்தூளை இழுகிவிட்ட மாதிரி குறுக்கே பழுப்புக் கோடு. "என்னடா, பல்லே விளக்குறதில்லையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அடுத்த வாரம் அவன் மேலுதட்டை இழுத்து மூடிக்கொண்டே பேசினான். சமையல்கார அக்காதான் சொன்னார்: "நீங்க கேட்டதுலேர்ந்து அடுப்புச் சாம்பலைப் போட்டுத் தேய்க்கிறான் சார், ஈறெல்லாம் ரத்தம்."

அது அழுக்கே இல்லை, நிலத்தடித் தண்ணீரில் கலந்து வரும் ஃப்ளோரைடு என்ற உப்பு செய்த வேலை. குடிதண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல ஊர் போர்வெல் தண்ணீர் அதைத் தாண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ், அதாவது ஃப்ளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடுவது, இருப்பது இதனால்தான். 2013-லிருந்து காவிரித் தண்ணீர் வருகிறது, சரி. ஆனால் எட்டு வயதுக்குள், நிலைப்பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும்போதே போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைக்குப் பல்லின் மேலுறையான எனாமலே அப்படித்தான் அமைந்துவிடும். தேய்த்தால் போகாது. இதை வகுப்பின் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். கறை இருக்கிறதே என்று சொத்தையைக் கவனிக்காமலும் விட்டுவிடக் கூடாது, அது வேறு.

அடுத்து, குழாயடிக்குப் போய்ப் பாருங்கள். நான் பார்த்தபோது ஒரு பிளாஸ்டிக் ஜக்கில் முப்பத்திரண்டு பிரஷ், அத்தனையும் ஒரே நீலம். யாரோ பெட்டியோடு வாங்கிக் கொடுத்தது. காலையில் கைக்கு எது வருகிறதோ அது. மார்க்கரில் பெயர் எழுதினோம், ஒரே வாரத்தில் அழிந்தது. பெரிய பெண்கள்தான் வழி கண்டுபிடித்தார்கள்: காம்பில் நகப்பாலிஷ் புள்ளி. இவளுக்குச் சிவப்பு மூன்று, அவனுக்குப் பச்சை ஒன்று. ஆசாரியிடம் ஒரு பலகையில் துளை போட்டு வாங்கி, ஒன்றோடொன்று உரசாமல் தலை மேலே இருக்கும்படி நிறுத்திவைத்தோம்.

இரவுதான் பெரிய பாடு. தூக்கத்தில் பல்லைக் காக்கும் எச்சில் குறைவாகச் சுரக்கும், அதனால் படுக்கும் முன் விளக்குவதுதான் காலையில் விளக்குவதைவிட முக்கியம் என்று நான் மாதக்கணக்கில் பிரசங்கம் செய்தேன். தலையாட்டினார்கள், ஒருவரும் செய்யவில்லை. ஒருநாள் இரவு தங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. குழாய் கட்டடத்துக்குப் பின்னால், புளியமரத்தடியில், கும்மிருட்டு. பாம்பு பயம். ஒரு பல்பு போட்டோம். சாப்பிட்டுத் தட்டுக் கழுவும் கையோடு பிரஷ்ஷையும் எடுப்பது என்று வைத்தோம். இப்போது நடக்கிறது.

தேய்க்கும் முறை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பட்டாணி அளவு பேஸ்ட், இரண்டு நிமிடம், விழுங்காமல் துப்புவது. தண்ணீரிலேயே ஃப்ளோரைடு உள்ள ஊரில் இந்தத் துப்புவது ரொம்ப முக்கியம். சின்னதுகளுக்குக் கை வசப்படாது, ஒரு பெரிய பிள்ளை தேய்த்துவிட வேண்டும். நேரத்துக்கு நாங்கள் வைத்திருப்பது வாய்ப்பாடு. ஒருவன் நின்று சத்தமாகச் சொல்வான், மற்றவர்கள் தேய்ப்பார்கள். மேல் வலது பக்கத்துக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு, மேல் இடதுக்குப் பதின்மூன்று, இப்படி நாலு மூலைக்கும் நாலு. ஆறு வயதில் பால் பல் எதுவும் விழாமலேயே பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அதைப் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுவார்கள், முதலில் சொத்தையாவதும் அநேகமாக அதுதான். பிள்ளைகளின் விரலை வைத்தே அதைத் தொட்டுக் காட்டுங்கள்.

அப்புறம் கேக். எங்கள் இல்லத்தில் சில மாதம் நாலு பிறந்தநாள் கொண்டாடுவோம், ஒன்றுகூட அந்தப் பிள்ளைகளுடையது அல்ல. நன்கொடை தருகிறவர்களிடம் மிட்டாய் வேண்டாம், கொய்யாவோ சுண்டலோ கொண்டு வாருங்கள் என்று சொல்ல நிர்வாகிக்குக் கூச்சம். நீங்கள் வெளியாள், நீங்கள் சொல்லலாம்.

பிரஷ் கொடுக்கும்போது பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்துப் போடாதீர்கள். இல்லத்துப் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவது 2015 சிறார் நீதிச் சட்டப்படி குற்றம்.

அந்தப் பையனை அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் காட்டினோம். வளர்ந்த பிறகு வேண்டுமானால் பல் நிறத்திலேயே மேல்பூச்சுப் போட்டு மறைக்கலாம் என்றார்கள். இப்போது பத்தாம் வகுப்பு. இரவில் வாய்ப்பாடு சொல்வது அவன்தான், பதினான்கில் மட்டும் இன்னமும் தடுமாறுவான்.