ரைடு-ஆன் புல்வெட்டி இப்போதே வாங்கலாமா?

கேள்வி: குன்னூரில் புல்தரை பராமரிப்பு வேலை செய்கிறேன். என்னுடன் மாதச் சம்பளத்துக்கு இரண்டு ஆட்கள். தள்ளும் மிஷின் இரண்டு, தோளில் மாட்டி வெட்டும் பிரஷ் கட்டர் இரண்டு, ஒரு ஆம்னி வேன் இருக்கின்றன. 11 வீடுகள், ஒரு ரிசார்ட், ஒரு பள்ளி மைதானம் கையில் உள்ளன. கடைசி இரண்டுக்கும் மாதம் இரண்டு தடவை, மூன்று பேருக்கும் முழு நாள் போகிறது. செலவு போக மாதம் 38,000 ரூபாய் நிற்கிறது. மழைக்காலத்தில் வேலை தேங்கிவிடுகிறது. கோவை டீலர், மேலே உட்கார்ந்து ஓட்டும் ரைடு-ஆன் மிஷினுக்கு 4 லட்சம் கேட்கிறார். பின்னால் நடந்து ஓட்டும், தானே நகரும் பெரிய மிஷின் 70,000-க்கு இருக்கிறதாம். கையில் 1 லட்சம் உண்டு. மீதிக்கு 12% வட்டியில் 3 வருடக் கடன் தருகிறார்கள். வீட்டில் நகையை அடகு வைக்கச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: இந்த வருடம் ரைடு-ஆன் வேண்டாம். கணக்கைப் பார்த்துவிடுவோம்.

3 லட்சம் கடனுக்கு மாதத் தவணை சுமார் 9,960 ரூபாய். உங்கள் 11 வீடுகளில் இந்த மிஷினுக்கு வேலை இருக்காது. குன்னூர் வீட்டுத் தோட்டங்கள் படிக்கட்டும் சரிவுமாகத்தான் இருக்கும். ஆக ரிசார்ட்டும் பள்ளியும்தான். அங்கேயும் ஓரங்களுக்கும் மேட்டுக்கும் பிரஷ் கட்டரைத்தான் எடுக்கவேண்டும். பாதி நேரம் மிச்சமாகும் என்று வையுங்கள். இரண்டு இடம், தலா இரண்டு தடவை, மூன்று பேர் என்று மாதம் ஆகும் 12 ஆள்நாளில் 6 குறையும். ஆளுக்கு 800 ரூபாய் போட்டால் 4,800. மிஷின் ஆம்னிக்குள் ஏறாது. ஒரு தடவைக்கு டாடா ஏஸ் வாடகை 1,200 என்றால் நாலு தடவைக்கு அதே 4,800. இங்கேயே மிச்சம் போய்விட்டது, தவணையை இன்னும் தொடவே இல்லை. ஆட்களுக்கு மாதச் சம்பளம் என்பதால் அந்த 4,800-ம் காகிதத்தில் மட்டும்தான்.

மழைக்காலத் தேக்கத்துக்காகத்தான் இதை யோசிக்கிறீர்கள். ஆனால் கிக்குயு புல் மளமளவென்று வளரும் அந்த மாதங்களில்தான் தரை ஊறிக் கிடக்கும். கனமான மிஷினை இறக்கினால் சக்கரத் தடம் பள்ளமாக விழும், ஈரச் சரிவில் வழுக்கும், வெட்டிய புல் பிளேடுக்கடியில் அடைத்துக்கொள்ளும். 15 டிகிரிக்கு மேற்பட்ட சரிவில் பொதுவாக இந்த மிஷின்களை ஓட்டவே கூடாது. கோவைக் கடையில் சமதரையில் ஓட்டிக் காட்டுவதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். டெமோவை உங்கள் ரிசார்ட்டில், மழை பெய்த மறுநாள் கேளுங்கள்.

அப்புறம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. குளிரில் வளர்ச்சி குறைந்து, பனி விழும் இடங்களில் புல் கருகியும் போகும். சிலர் உங்களிடம் மாதம் ஒரு தடவை போதும் என்பார்கள். தவணைக்கு அந்த விடுமுறை கிடையாது.

அதனால் 70,000 ரூபாய் மிஷினைக் கைக்காசில் வாங்குங்கள். வேனில் ஏறுமா என்று மட்டும் அளந்து பாருங்கள். மீதி 30,000-ஐத் தொடாதீர்கள். ஜூன் முதல் நேரமில்லை என்று நீங்கள் தட்டிக்கழிக்கும் ஒவ்வொரு வேலையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்த இடம், சமதரையா சரிவா, எவ்வளவு தருவதாகச் சொன்னார்கள். எல்லாம் சின்னச் சரிவு வீடுகள் என்றால் உங்களுக்குத் தேவை இன்னொரு ஆள்தான், மிஷின் இல்லை. சமதரையுள்ள பெரிய இடங்களிலிருந்து, செலவு போக மாதம் 15,000 ரூபாயாவது கூடுதலாக நிற்கும் என்று தெரிந்தால் மறுபடி யோசிக்கலாம். அதுவும் ஒரு வருட ஒப்பந்தம் எழுத்தில் வந்த பிறகு. நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதம் இ-பாஸ் வந்ததிலிருந்து, ரிசார்ட் வியாபாரம் எப்படிப் போகும் என்பதை வாய்ப்பேச்சை நம்பி விடமுடியாது.

கடன் வாங்கும் நிலை வந்தால் டீலர் காட்டும் இடத்தோடு நிற்காமல் வங்கியில், மத்திய அரசின் சிறுதொழில் கடன் திட்டமான முத்ராவில் கிஷோர் பிரிவுக் கடன் கேளுங்கள். 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை, அடமானம் இல்லாமல் தருவார்கள். நகையை விட்டுவிடுங்கள். நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் திருப்பவேண்டியது. மூன்று வருடம் உழைத்துத் தன் விலையை எடுக்கும் மிஷினுக்கு அது பொருந்தாது. மிஷின் வாங்கினால் வரி மிச்சம் என்று டீலர் சொல்லலாம். வரவில் 8 அல்லது 6 சதவீதத்தை லாபமாகக் காட்டும் உத்தேச வரி முறையில் நீங்கள் இருந்தால், மிஷினின் தேய்மானத்தைத் தனியாகக் கழிக்கமுடியாது, அந்த மிச்சம் கிடைக்காது.