2 நிமிடம் 24 விநாடி: கல்லூரி அணிக்குப் போதுமா?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மாணவி நான். 800 மீட்டர் ஓடுகிறேன். வருவாய் மாவட்டப் போட்டியில் 2:24 ஓடி இரண்டாமிடம். முதல் ரவுண்டு (400 மீட்டர்) 68 விநாடி. தினமும் காலை, மாலை தார்ச்சாலையில் முழு வேகத்தில் ஓடியும் மூன்று மாதமாக டைமிங் குறையவில்லை. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வேறு. கல்லூரியில் ஓட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் முதலில் அந்த வலி. எலும்பின் உள்ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். சில அங்குல நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் அது தார்ச்சாலையின் வேலை. ஓட்டத்தைப் பாதியாக்கி மண் தரைக்கு மாறுங்கள், சில வாரங்களில் அடங்கும். ஒரே புள்ளியில் சுரீர் என்றாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். மயிரிழை விரிசலாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாமல் போகும். மாதவிடாய் சில மாதமாக வரவில்லை என்றால் கூச்சப்படாமல் அதையும் சொல்லுங்கள். ஓடுகிற ஓட்டத்துக்குச் சாப்பாடு போதாதபோது அப்படி ஆவதுண்டு, எலும்பும் சேர்ந்து பலமிழக்கும்.

அடுத்து டைமிங். 68 போக மீதி 76. இந்த எட்டு விநாடி இடைவெளியில்தான் உங்கள் மூன்று மாதமும் மாட்டிக்கொண்டிருக்கிறது. முதல் ரவுண்டை 70-இல் முடித்தால் இரண்டாவதை 72-இல் முடிக்கத் தெம்பு மிஞ்சும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கடினப் பயிற்சி: 300 மீட்டர் ஐந்து தடவை, ஒவ்வொன்றும் 52, 53 விநாடி, நடுவே மூன்று நிமிடம் நடை. வலி முழுதும் போன பிறகுதான் இது. மற்ற நாட்களில் தோழியோடு பேசிக்கொண்டே ஓடும் வேகம் போதும். ஒரு நாள் முழு ஓய்வு. தினமும் முழு வேகத்தில் ஓடுவதை உழைப்பு என்று நம் மைதானங்களில் பாராட்டுவார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை.

இனி கல்லூரி. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு, ஆனால் நாட்டுக்காகவும் மாநிலத்துக்காகவும் ஆடியவர்கள் முன்னே நிற்பார்கள். மாவட்டச் சான்றிதழோடு அதை மட்டும் நம்பாதீர்கள். உங்களுக்கு வாசல், தனியாகத் தேர்வுப் போட்டி நடத்திச் சேர்க்கும் கலைக் கல்லூரிகள். பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக் காத்திராமல் அங்குள்ள உடற்கல்வி இயக்குநரை இப்போதே போய்ப் பாருங்கள். விடுதி, சாப்பாடு, கட்டணச் சலுகை, டிராக் வசதி நான்கையும் வாய்விட்டுக் கேளுங்கள். சேர்ந்த பிறகு கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, அதில் தேறினால் பல்கலைக்கழக அணி, அங்கிருந்து அகில இந்தியப் போட்டி. 25 வயதுவரை அதில் ஓடலாம், அவசரமில்லை.

மதுரை சக்கிமங்கலத்தில் பாட்டி வளர்த்த ரேவதி வீரமணி வெறுங்காலோடு ஓடத் தொடங்கியவர். லேடி டோக் கல்லூரியில் படித்துக்கொண்டே பயிற்சி எடுத்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண், பெண் இருபாலரும் சேர்ந்து ஓடும் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடினார்.

கடைசியாக, விளையாட்டுச் சான்றிதழில் உள்ள இனிஷியலும் பிறந்த தேதியும் மதிப்பெண் பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். தவறிருந்தால் பள்ளியை விட்டுப் போவதற்கு முன்பே பி.டி. சாரிடம் சொல்லித் திருத்தி வாங்கிவிடுங்கள்.