ஒரே செடிக்கு இரு வகை நிலம்

கேள்வி: ஒரு வட்டாரத்தில் சதுப்பு நிலத்தில் மட்டுமே வளரும் செடி, வேறொரு வட்டாரத்தில் மேட்டு நிலத்திலும் காணப்படுவது ஏன்?

பதில்: வேருக்கு எட்டும் ஈரமே முதற்காரணம். மழை குறைந்த பகுதியில் அந்த ஈரம் ஆற்றோரங்களிலும் ஊற்றுகளின் அருகிலும் மட்டுமே நிலைப்பதால் செடியும் அங்கேயே ஒதுங்கிவிடுகிறது. மழை மிகுந்த பகுதியிலோ மலைச்சரிவின் மண்ணே அதற்குப் போதுமானதாகிவிடுகிறது. போட்டிச் செடிகளும் மண்ணின் தன்மையும் இதில் பங்கு வகிக்கின்றன. சில இனங்கள் எதற்கும் கட்டுப்படுவதில்லை: வட அமெரிக்கச் சிவப்பு மேப்பிள் மரம் சதுப்பிலும் வளர்கிறது, வறண்ட முகட்டிலும் வளர்கிறது. ஒரே செடியின் வாழிடம் இப்படி வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவதாலேயே அமெரிக்காவின் தேசியச் சதுப்புநிலத் தாவரப் பட்டியல் நாட்டை 10 வட்டாரங்களாகப் பிரித்து, ஓர் இனத்துக்கு வட்டாரந்தோறும், அது சதுப்பில் எந்த அளவுக்குக் காணப்படும் என்பதைக் குறிக்கும் 5 நிலைகளுள் ஒன்றைத் தனித்தனியே அளிக்கிறது. மிகவும் நியாயமான ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும்.