மீன் மட்டும் சாப்பிடுபவர் படிவத்தில் என்ன எழுதுவது?

வீட்டில் சைவம், வெளியே முட்டை, எப்போதாவது மீன், சிக்கன் மட்டன் கிடையவே கிடையாது என்கிறீர்கள். மான்செஸ்டர் ஆபீஸில் ஒருவர் உங்களை 'ஃப்ளெக்ஸிடேரியன்' என்றது கிண்டலா என்று கேட்டிருந்தீர்கள்.

கிண்டல் இல்லை. 2003-ஆம் ஆண்டின் மிகப் பயனுள்ள சொல் என்று ஆங்கில மொழியை ஆராயும் அமெரிக்கன் டயலெக்ட் சொசைட்டி தேர்ந்தெடுத்ததே அதைத்தான். ஆனால் பெரும்பாலும் சைவமாக இருந்து, அவ்வப்போது இறைச்சியும் சாப்பிடுபவருக்குத்தான் அந்தப் பெயர். இறைச்சி தொடாமல் மீன் மட்டும் சாப்பிடுபவர் 'பெஸ்கடேரியன்'. நீங்கள் அந்த ரகம்.

அதற்காக ஆபீஸ் விருந்துப் படிவத்தில் அப்படி எழுதிவிடாதீர்கள், ஒவ்வொரு முறையும் தட்டில் சால்மன் வந்து உட்காரும். 'வெஜிடேரியன்' என்றே எழுதுங்கள். அந்த ஊர்க் கணக்கில் முட்டையும் பாலும் அதற்குள் அடக்கம். மீன் வேண்டிய அன்று நீங்களே வாங்கிக்கொள்ளலாம். அப்புறம், சைவத்தோடு முட்டை மட்டும் சாப்பிடுபவரை நாம் சாதாரணமாகச் சொல்லும் 'எக்கிடேரியன்' இந்திய ஆங்கிலம், அங்கே சொன்னால் முழிப்பார்கள். ஊருக்கு வரும் விமானத்தில் 'ஏஷியன் வெஜிடேரியன்' கேளுங்கள், நம் பக்கத்துச் சைவச் சாப்பாடு கிடைக்கும். 'வீகன்' என்று பதிந்தால் தயிர்கூட வராது.