மட்டை, சைக்கிள், கோல்ஃப் பை: மலையிலிருந்து விமானம் பிடிப்பவர்களுக்கு லக்கேஜ் கேள்வி பதில்

ஊட்டியில் டிக்கெட் போடும் வேலையில் இருப்பதால் விளையாட்டுச் சாமான் பற்றிய சந்தேகங்கள் என்னிடம் வந்துகொண்டே இருக்கும். அடிக்கடி வருவதைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன். கட்டணத்தை ரூபாயில் போடவில்லை. கம்பெனிக்குக் கம்பெனி வேறு, ஒரே கம்பெனியிலும் அடிக்கடி மாற்றுகிறார்கள். கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் போதும், மிச்சத்தை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

கோத்தகிரியிலிருந்து ஒரு அம்மா: மகன் கிரிக்கெட் போட்டிக்கு டெல்லி போகிறான். கிட் பேக் 14 கிலோ, துணிப் பை 8 கிலோ. டிக்கெட்டில் 15 கிலோ என்று இருக்கிறது. எவ்வளவு கட்ட வேண்டி வரும் தம்பி?

சரியாக அடுக்கினால் ஒன்றும் கட்ட வேண்டாம் அக்கா. செக்-இன் 15 கிலோ, கையில் 7 கிலோ, மொத்தம் 22. உங்கள் கணக்கும் 22தான். துணிப் பையிலிருந்து ஒரு கிலோவை எடுத்துக் கிட் பேக்கில் போட்டுவிட்டு, அந்தப் பையைக் கையில் கொடுத்தனுப்புங்கள். மட்டையை மட்டும் கையில் கொடுக்காதீர்கள். கிரிக்கெட் மட்டை, ஹாக்கி மட்டை, கோல்ஃப் கட்டை எதையும் விமானத்துக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள், செக்யூரிட்டியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இரண்டு எச்சரிக்கை. வீட்டுத் தராசை அப்படியே நம்பாமல் அரைக் கிலோ குறைத்தே கட்டுங்கள். அப்புறம், 15 கிலோவை ஒரே பையாகத்தான் வாங்குவோம் என்று சில கம்பெனிகள் சொல்கின்றன. இரண்டாவது பை வந்தால் எடை குறைவாக இருந்தாலும் தனிக் காசு. அதனால் பேட் ஒரு பை, பூட்ஸ் ஒரு பை என்று பிரிக்க வேண்டாம். எடை மீறும் என்று முன்பே தெரிந்தால் ஆன்லைனில் கூடுதல் கிலோ வாங்கிவிடுங்கள், கவுன்டரில் கிலோவுக்குக் கேட்கும் காசு அதைவிட நன்றாகவே அதிகம்.

குன்னூர் சைக்கிள்காரர்: ஜெர்மனியில் ஒரு ரேஸ். கோவை–மும்பை ஒரு டிக்கெட், மும்பை–ஃபிராங்ஃபர்ட் இன்னொரு டிக்கெட் என்று பிரித்துப் போட்டால் நல்ல மிச்சம் வருகிறது. சைக்கிள் உண்டு. போடலாமா அண்ணா?

சைக்கிள் இல்லையென்றால் போடுங்கள் என்பேன். சைக்கிள் இருப்பதால் வேண்டாம்.

பிரித்துப் போட்டால் கோவை–மும்பை உள்நாட்டுப் பயணம், 15 கிலோ சட்டம். அங்கே சைக்கிளுக்கு ஒருமுறை கட்டுவீர்கள். மும்பையில் பெட்டியை எடுத்து, திரும்ப செக்-இன் செய்து, இன்னொருமுறை கட்டுவீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. ஒரே டிக்கெட்டாகப் போட்டால் பொதுவாக வெளிநாட்டுப் பயணத்தின் லக்கேஜ் அளவே கோவையிலிருந்து செல்லும். டிக்கெட்டில் லக்கேஜ் என்ற இடத்தைப் பாருங்கள். 30கே என்று இருந்தால் மொத்த எடைக் கணக்கு, 1பிசி அல்லது 2பிசி என்று இருந்தால் உருப்படிக் கணக்கு. உங்கள் செலவைத் தீர்மானிப்பது இந்த ஒரு வரிதான்.

உருப்படிக் கணக்கில் எகானமிக்கு வழக்கமான அளவு ஒன்றுக்கு 23 கிலோ, நீளம் அகலம் உயரம் கூட்டினால் 158 சென்டிமீட்டர். சைக்கிள் அட்டைப்பெட்டி சுமாராக 140, 80, 20. கூட்டினால் 240. அதாவது எடை குறைவாக இருந்தாலும் அளவு மீறும். இதற்காகவே பல கம்பெனிகள் சைக்கிளுக்கென்று ஒரே கட்டணம் வைத்திருக்கின்றன. சிலவற்றில் அது உங்கள் இலவச உருப்படியிலேயே அடங்கிவிடும். டிக்கெட் விலையோடு இதையும் கூட்டிப் பார்த்தபிறகு எது மலிவு என்று சொல்லுங்கள். பெட்டி எந்தக் காரணத்துக்கும் 32 கிலோவைத் தாண்டக் கூடாது. தூக்குபவர்களின் முதுகுக்காக வைத்த வரம்பு அது, காசு கொடுத்தும் மீற முடியாது. கார்கோவில் போடு என்பார்கள். கார்கோவில் கன அளவுக்கும் எடை போடுவார்கள்: 140 × 80 × 20-ஐ 6000-ஆல் வகுத்தால் 37 கிலோ வருகிறது. உங்கள் சைக்கிள் ஒன்பது கிலோ என்று அங்கே வாதாடிப் பயனில்லை.

டிக்கெட் எடுத்த கையோடு சைக்கிள் வருகிறது என்று சொல்லி, அதை புக்கிங்கில் பதியச் சொல்லுங்கள். முதல் கட்டத்தில் சின்ன விமானம் வந்தால் பெரிய பெட்டிக்கு இடமில்லாமல் போகலாம்.

கட்டும் முறை: பெடல் இரண்டையும் கழற்றுங்கள், இடப்பக்கப் பெடலுக்கு மரை எதிர்ப்புறம் என்பதை மறக்காமல். பின்பக்கம் கியர் மாற்றும் டிரெய்லியரை, அதைத் தாங்கும் ஹேங்கரோடு கழற்றி, துணி சுற்றி, ஃபிரேமுக்குள் கட்டுங்கள். முதலில் வளைவது அதுதான். சக்கரம் கழற்றிய ஃபோர்க் முனைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் முட்டு வேண்டும். புதுச் சைக்கிள் பெட்டிக்குள் வரும் அந்தப் பிளாஸ்டிக் துண்டைக் கடைக்காரர் குப்பையில் போடுகிறார், கேட்டால் சும்மாவே தருவார். டயரில் காற்றைக் குறைத்துவிடுங்கள். சாமான் அறையிலும் காற்றழுத்தம் இருப்பதால் வெடிக்காது, ஆனால் கவுன்டரில் கேட்பார்கள். கார்பன் டை ஆக்சைடு குப்பிக்குக் கம்பெனியின் அனுமதி வேண்டும், பேசாமல் கைப்பம்ப் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை டாக்ஸி கேரியரில் கட்டினால் மேலே தார்ப்பாய் போடுங்கள். பர்லியார் இறங்குவதற்குள் நனைந்த அட்டைப்பெட்டி கவுன்டரில் தூக்கும்போதே அடி கழன்றுவிடும்.

அதே குன்னூரிலிருந்து இன்னொருவர்: என்னுடையது பேட்டரி சைக்கிள்.

பேட்டரியை வீட்டிலேயே வையுங்கள். 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் என்றால் 360 வாட்-அவர். பயணி கொண்டுபோகக்கூடிய லித்தியம் பேட்டரிக்கு உச்ச வரம்பு 160, அதிலும் 100-க்கு மேல் போனால் கம்பெனி அனுமதி வேண்டும். பேட்டரி இல்லாத சைக்கிளை ஏற்பார்களா என்பதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெலிங்டன் கோல்ஃபர்: வளைகுடா போகிறேன். கோல்ஃப் பைக்குத் தனிக் கட்டணமா சார்?

எடைக் கணக்கு டிக்கெட்டில் பல கம்பெனிகள் அதை மற்ற பையோடு சேர்த்தே நிறுக்கின்றன. 30 கிலோ டிக்கெட்டில் 14 கிலோ கோல்ஃப் பை போனால் துணிக்கு 16 கிலோ, தாராளம். டிரைவர் என்ற மிக நீளமான கோல்ஃப் கட்டையைவிடக் கொஞ்சம் நீளமான தடி ஒன்றைப் பைக்குள் நிறுத்தி வையுங்கள். தலைகீழாக விழுந்தாலும் அடியைத் தடி வாங்கிக்கொள்ளும். தூரம் பார்க்கும் ரேஞ்ச்ஃபைண்டரின் உபரி பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான், செக்-இன் பையில் போடக் கூடாது.

ஊட்டி: ஸ்நூக்கர் கியூவைக் கையில் கொண்டுபோகலாமா?

முடியாது, இரண்டாகப் பிரிந்தாலும் முடியாது. இந்த ஆட்டத்தின் விதிகளை 1882-இல் எழுதி மாட்டியதே நம்ம ஊட்டி கிளப்பில்தான் என்று செக்யூரிட்டியில் சொல்லிப் பாருங்கள், ரசிப்பார்கள், விடமாட்டார்கள். கெட்டிக் குழாய் உறை வாங்கி செக்-இன்னில் போடுங்கள்.

ஹாக்கி கோச்: பதினாறு பிள்ளைகள். கோல்கீப்பர் பை மட்டும் 20 கிலோ தாண்டுகிறது அண்ணா.

ஒரே புக்கிங்கில் இருந்து, எல்லோரும் ஒன்றாக செக்-இன் செய்தால், எடைக் கணக்கில் மொத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் கம்பெனிகள் உண்டு. டிக்கெட் போடும்முன் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள் தம்பி. மட்டைகளைப் பையனுக்கு ஒன்றாகச் சுமக்கவிடாமல் ஒரே நீளப் பையில் கட்டுங்கள். போட்டி சென்னையில் என்றால் விமானமே எதற்கு? மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்ட்ரல்.

லவ்டேல்: போன தடவை பை கிழிந்து, மட்டை உடைந்து வந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. நஷ்டஈடு கிடைக்குமா?

விமான நிலையத்தைவிட்டு வெளியே வரும்முன் கேட்டிருக்க வேண்டும். பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே கம்பெனியின் பேக்கேஜ் கவுன்டர் இருக்கும். அங்கே பி.ஐ.ஆர். என்ற லக்கேஜ் புகார்ப் படிவம் எழுதி நகல் வாங்குங்கள், லக்கேஜ் டேக்கோடு சேர்த்துப் போட்டோ எடுங்கள். வெளிநாட்டுப் பயணத்தில் சேதத்துக்கு 7 நாள், தாமதமாக வந்த பைக்கு 21 நாள். அதற்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். நஷ்டஈட்டு வரம்பு உள்நாட்டில் 20,000 ரூபாய். வெளிநாட்டுக்கு மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். கார்பன் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இது காணாது, அவர்கள் பயணக் காப்பீட்டில் விளையாட்டுச் சாமான் அடக்கமா என்று பார்க்க வேண்டும்.

செக்-இன்னில் 'லிமிட்டட் ரிலீஸ்' என்று ஒரு டேக்கில் கையெழுத்துக் கேட்பார்கள். உடைந்தால் எங்கள் பொறுப்பில்லை என்று அதற்குப் பொருள். பெட்டி கெட்டியாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். கெட்டிப் பெட்டியைப் பார்த்ததும் டேக்கை விட்டுவிடுவதும் உண்டு.

கேத்தி: வெப்சைட்டில் ஒரு கட்டணம், கவுன்டரில் இன்னொரு கட்டணம் கேட்டால்?

கம்பெனியின் சொந்தப் பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்து வைத்திருங்கள். காட்டியும் ஒப்புக்கொள்ளாவிட்டால் கட்டிவிட்டு ரசீது வாங்குங்கள், அதில் கிலோவும் உருப்படியும் எழுதியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து இரண்டையும் இணைத்து மெயில் அனுப்புங்கள். போர்டிங் மூடும் நேரத்தில் அங்கே நின்று சண்டை போட்டால் பையும் போகாது, நீங்களும் போகமாட்டீர்கள்.