‘இத்துப்போன’ என்றால் என்ன பொருள்? அது திட்டா?

திட்டும்தான். "போடா இத்துப்போனவனே" என்றால் வேறென்ன? ஆனால் அது கம்பிக்கும் கயிற்றுக்கும் சொல்கிற வார்த்தை. வடசென்னைக்குப் புதிதாக வந்த உங்களிடம் யாரோ உங்கள் வண்டியைக் காட்டி இப்படிச் சொல்லியிருக்க வேண்டும். கோபப்படுவதற்கு முன்னால் சைலன்சரைக் கொஞ்சம் தட்டிப் பாருங்கள்.

எழுத்தில் இது ‘இற்றுப்போன’. காற்று காத்தாகிற மாதிரி இற்று இத்தாகிறது. இறு என்றால் முறிதல். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு ‘இறும்’ என்கிறார் வள்ளுவர் (குறள் 475). லோக்கல் பாஷை என்று முகம் சுளிக்கிறவர்கள் அவரிடம் போய்ச் சுளிக்கட்டும்.

பூச்சி அரித்த மரம் உளுத்துப்போகும், ஈரத்தில் கிடக்கும் சருகு மக்கிப்போகும். வெயிலிலும் உப்புக்காற்றிலும் நாள்பட்டு, பார்க்க முழுசாக இருந்து, தொட்டால் கையோடு வருகிறதே, அதுதான் இத்துப்போனது. மொட்டைமாடி நைலான் கொடி அப்படித்தான் ஒருநாள் துணியோடு கீழே விழும்.

இந்த வித்தியாசம் எனக்கு 3,500 ரூபாய். காசிமேட்டில் முதல் மாடியில் வாடகைக்கு இருந்தோம். துறைமுகம் பக்கம், காற்றில் இருக்கிற உப்பு இரும்பை விடாது. வீட்டுக்காரம்மா வருஷா வருஷம் துருவைச் சுரண்டாமலே பால்கனி கிரில்லுக்குக் கறுப்பு பெயின்ட் அடிப்பார். கம்பி பெயின்டைத் தாங்கவில்லை, பெயின்ட்தான் கம்பியைத் தாங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் ஈரத்துண்டைப் போட்டேன், இரண்டு கம்பி அப்படியே பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது.

"கிரில்ல ஒடச்சிட்டியா?"

"ஒடைக்கலம்மா, இத்துப்போச்சு."

உண்மையைத்தான் சொன்னேன். உடைந்தது என்றால் உடைத்தவன் ஒருவன் வேண்டும். இத்துப்போனதற்கு ஆள் கிடையாது, காற்றும் வருஷமும்தான். அந்தம்மாவுக்கோ திட்டு மட்டும்தான் காதில் விழுந்தது. "இத்துப்போன வீட்டுல எதுக்குடா மூணு வருஷம் இருந்த?" என்று கத்தினார். நானும் வாயை மூடியிருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. அவருடைய வீட்டைச் சொல்லவில்லை, கிரில்லைத்தான் சொன்னேன் என்று படியில் நின்று விளக்கம் வேறு கொடுத்தேன். காலி செய்யும்போது அட்வான்ஸில் கிரில்லுக்கென்று 3,500 பிடித்துக்கொண்டார்.

அதுகூடப் பரவாயில்லை. பெயின்டிங் சார்ஜ் என்று ஒரு மாத வாடகையைத் தனியாகப் பிடித்தார். சுவரில் நாங்கள் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. குழந்தை கிறுக்கியிருந்ததையும் என் மனைவி உட்கார்ந்து துடைத்துவிட்டுத்தான் வந்தாள். போன மாதம் அந்தத் தெருவில் போனேன். அதே சுவர், அதே பழைய பச்சை. கிரில் இருந்த இடத்தில் கட்டுக்கம்பி சுற்றி வைத்திருக்கிறார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் அதில் துணி காயப்போட்டிருந்தார்கள்.