வேகப்பந்து வீச்சாளரின் வருமானத்தை நம்பிக் கடன் வாங்கலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். நான் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன், ஓய்வூதியம் சொற்பம். என் மகனுக்கு 22 வயது, வலக்கை வேகப்பந்து வீச்சாளர். சென்ற ஆண்டு கர்நாடக ரஞ்சி அணியில் இடம் கிடைத்தது. இப்போது ஐபிஎல் ஏலத்தில் 30 லட்சத்துக்கு ஓர் அணி எடுத்திருக்கிறது. இந்த நேரத்தை விடாமல் 60 லட்சம் கடன் போட்டு ஹெண்ணூர் பக்கம் ஒரு சைட் (வீட்டு மனை) வாங்கிவிடச் சொல்கிறார் என் மைத்துனர். தெரிந்த காப்பீட்டு முகவர் ஒருவர் ஆண்டுக்கு 5 லட்சம் பிரீமியத்தில் 15 ஆண்டு எண்டோமென்ட் பாலிசி (சேமிப்பும் ஆயுள் காப்பீடும் சேர்ந்தது) போட்டுக் கொடுத்தார். முதல் பிரீமியம் கட்டியாகிவிட்டது, பத்திரம் போன வாரம் வந்தது. மகனோ கார் கேட்கிறான். இந்தப் பணத்தை எப்படிக் கையாள்வது?

பதில்: உங்கள் மகனுக்கு என் மனமார்ந்த வாழ்த்து. கர்நாடக அணியில் வேகப்பந்து வீச்சாளராக இடம் பிடிப்பது எளிதல்ல.

கடன் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். 60 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்றால் மாதத் தவணை சுமார் 54,000 ரூபாய். ஆண்டுக்கு ஆறரை லட்சத்தை ஒட்டி வருகிறது. மாதச் சம்பளக்காரருக்கு இது கட்டக்கூடிய தொகை. உங்கள் மகனுக்கு வருவது சம்பளமல்ல. ஐபிஎல் ஒப்பந்தத் தொகை தவணைகளாக வரும். ஒவ்வொரு பருவம் முடிந்ததும் வீரரை விடுவிக்கும் உரிமை அணிக்கு இருக்கிறது. ரஞ்சியில் 2021இல் கிரிக்கெட் வாரியம் அறிவித்த வீதப்படி, 20 போட்டிகள் வரை ஆடியவருக்கு நாளொன்றுக்கு 40,000 ரூபாய். பதினொருவரில் இடம் கிடைக்காமல் வெளியே உட்கார்ந்தால் அதில் பாதிதான். ஐபிஎல்லில் 2025 முதல் ஒரு போட்டிக்கு ஏழரை லட்சம் கூடுதலாகத் தருகிறார்கள். அதுவும் களத்தில் இறங்கியவருக்கு மட்டும். இத்தனை 'ஆனால்'களை வைத்துக்கொண்டு 20 ஆண்டுகளுக்கு மாதந்தோறும் பணம் கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போடக்கூடாது.

ஏல விலை எப்படி ஆடும் என்பதற்கு நம் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனைவிட வேறு சான்று வேண்டாம். 2017இல் அவர் விலை 3 கோடி. மறு ஆண்டே 40 லட்சம். 2022இல் 4 கோடி, 2025 பருவத்துக்கான ஏலத்தில் 10 கோடியே 75 லட்சம். இடையில் முழங்கால் அறுவை சிகிச்சை வேறு. 2017இல் அந்த 3 கோடியைக் கணக்கில் வைத்துப் பெரிய கடன் வாங்கியிருந்தால் 2018 அந்தக் குடும்பத்துக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

விலையைவிட எனக்கு அதிகக் கவலை தருவது உங்கள் மகனின் முதுகுதான். பந்தை விடும் நொடியில் முன்காலில் விழும் விசை உடல் எடையைப் போலப் பல மடங்கு. அதே நேரத்தில் இடுப்பு வளைந்து திரும்புகிறது. இது நாள் முழுக்க, ஓவர் ஓவராக நடக்கும்போது கீழ்முதுகெலும்பில் அழுத்த முறிவு, அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் விரிசல், வருகிறது. இருபதுகளின் தொடக்கத்தில், எலும்பு முழுமையாக முற்றுவதற்கு முன், இதற்கான ஆபத்து அதிகம். உங்கள் மகனுக்கு இப்போது அந்த வயதுதான். வந்துவிட்டால் பந்தைத் தொடாமல் பல மாதம் இருக்க வேண்டும். பும்ராவே 2022இல் முதுகுக் காயத்தால் டி20 உலகக் கோப்பையை இழந்தார். அறுவை சிகிச்சை முடிந்து 2023 ஆகஸ்டில்தான் திரும்பினார். அப்போதும் அவர் வாரியத்தின் ஏ பிளஸ் ஒப்பந்தத்தில், ஆண்டுக்கு 7 கோடி பட்டியலில் இருந்தார். உங்கள் மகனுக்கு அப்படி ஒரு தூண் இன்னும் கிடைக்கவில்லை. உங்கள் ஊர்க்காரரான அபிமன்யு மிதுன் 20 வயதில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். மொத்தம் 4 டெஸ்ட். 31 வயதில் ஓய்வு பெற்றுவிட்டார். நல்ல வீச்சாளர்தான். வேகப்பந்துத் தொழிலின் நீளமே பலருக்கு அவ்வளவுதான். 41 வயது வரை 188 டெஸ்ட் ஆடிய இங்கிலாந்தின் ஆண்டர்சனை வைத்து யாரும் குடும்பத் திட்டம் போடக்கூடாது.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் மகன் இரண்டு ஆண்டு ஒரு பந்துகூட வீசாவிட்டாலும் வீடு நடக்கும் அளவுக்குப் பணம் முதலில் தனியே இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐபிஎல் 30 லட்சம், ரஞ்சியில் ஐந்து நான்கு நாள் போட்டி ஆடினால் 8 லட்சம், ஆக 38 லட்சம். பிசியோ, பயிற்சியாளர், காலணி, பயணம், வீரருக்கான முகவர் கட்டணம் என 4 லட்சம் தொழில் செலவு காட்டலாம். ரசீது இருக்க வேண்டும். மீதி 34 லட்சத்துக்குப் புதிய வரி முறையில் 2025-26 வீதப்படி, செஸ் சேர்த்து 6,24,000 ரூபாய் வரி. பணம் தருபவர்கள் முன்கூட்டிப் பிடிப்பது 10 சதவீதம், அதாவது 3,80,000 மட்டும். பல குடும்பங்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. வரி பிடித்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட்டு, பிறகு இரண்டரை லட்சத்துக்கும் வட்டிக்கும் அலைகிறார்கள். ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15ஆம் தேதிகளில் முன்வரி, அதாவது அந்த ஆண்டின் வருமான வரியை முன்கூட்டியே தவணையாக, கட்ட வேண்டும். வருமானத்தில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும் என்கிற எளிய திட்டம் மருத்துவர், வழக்கறிஞர் போன்றோருக்கு உண்டு. விளையாட்டு வீரர் அந்தப் பட்டியலில் இல்லை. யாராவது அப்படித் தாக்கல் செய்து தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐபிஎல் ஒப்பந்தத்துக்கு ஜிஎஸ்டி பதிவும் தேவைப்படும். 30 லட்சத்தின் மேல் ஜிஎஸ்டி தனியாக வருகிறதா, அதற்குள்ளேயே அடங்கியதா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். அது லட்சக்கணக்கான வித்தியாசம்.

வரியும் செலவும் போகக் கையில் நிற்பது சுமார் 27,76,000. மாதம் 50,000 வீட்டுச் செலவு என்று வைத்தால், 24 மாதத்துக்கு 12 லட்சம். இதை வங்கி வைப்பிலும் லிக்விட் ஃபண்டிலும் (வேண்டும்போது விரைவில் எடுக்கக்கூடிய மியூச்சுவல் ஃபண்ட்) பிரித்துப் போடுங்கள். இந்த ஆண்டுச் செலவுக்கு 6 லட்சம். வரும் பணம் எல்லாம் ஒரு கணக்கில் விழட்டும். அங்கிருந்து மாதா மாதம் 1ஆம் தேதி 50,000 மட்டும் இன்னொரு கணக்குக்குப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். உங்கள் மகன் தனக்குத் தானே சம்பளம் கொடுத்துக்கொள்கிறார் என்று பொருள். ஏலம் நன்றாகப் போன ஆண்டும் அதே 50,000தான்.

பாலிசியை இன்றே திருப்பிக் கொடுங்கள். பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் கேட்டால், மருத்துவப் பரிசோதனை, முத்திரைக் கட்டணம், காப்பீடு இருந்த சில நாளுக்கான தொகை ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்தாக வேண்டும். முகவரிடம் சொல்லிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். கிளைக்கு நேரில் போய்க் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வரிச்சலுகை என்று சொல்லியிருப்பார். புதிய வரி முறையில் அந்தக் கழிவே கிடையாது. 5 லட்சம் என்ற எண்ணும் தற்செயலாக வந்திருக்காது. அதைத் தாண்டினால் முதிர்வுத் தொகைக்கு வரி உண்டு, அதனால் சரியாக அந்தக் கோட்டில் நிறுத்தி விற்கிறார்கள். 37 வயது வரை ஆண்டுக்கு 5 லட்சம் கட்ட வேண்டும் என்று 22 வயது வேகப்பந்து வீச்சாளரிடம் விற்பது எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிறது. நீங்களும் உங்கள் மனைவியும் அவரை நம்பி இருப்பதால் ஒரு டேர்ம் பாலிசி (சேமிப்பு இல்லாத, ஆயுளுக்கு மட்டுமான காப்பீடு) போதும்.

காயத்துக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதே என்று கேட்பீர்கள். பல பாலிசிகளில் தொழில்முறை விளையாட்டில் வரும் காயம் விலக்கப்பட்டிருக்கும். மேலும் அழுத்த முறிவு ஒரு நாளில் நடக்கும் விபத்தல்ல, தேய்மானம். அதற்கு விபத்துக் காப்பீடு பணம் தராது. ஐபிஎல் ஒப்பந்தத்தில் முகாமுக்கு முன், முகாமில், போட்டியில் என்று காயம் எப்போது வந்தால் என்ன கிடைக்கும் என்பது எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தை மகனோடு உட்கார்ந்து படியுங்கள்.

கார் வாங்கட்டும். விடியற்காலையில் கனத்த கிட் பையோடு பயிற்சிக்குப் போகிற பிள்ளை. அந்த ஆசையில் தவறில்லை. 4 லட்சத்துக்குள் நல்ல பழைய கார், கடனில்லாமல். மீதமுள்ள ஐந்தே முக்கால் லட்சத்தை ஒரு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் (நிஃப்டி பட்டியலில் உள்ள நிறுவனப் பங்குகளில் முதலீடு செய்யும் ஃபண்ட்) மாதந்தோறும் போட்டு வாருங்கள். இரண்டு மூன்று பருவம் இப்படி நின்று ஆடிவிட்டால் சைட் பற்றிப் பேசலாம், பெரும்பகுதி ரொக்கமாக, காத்தா (நகராட்சியின் சொத்துப் பதிவு) சரிபார்த்து.

வேலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். வேகப்பந்து வீச்சாளர் உமேஷ் யாதவ் இந்திய அணியில் ஆடிக்கொண்டிருந்தபோதே 2017இல் ரிசர்வ் வங்கியில் உதவி மேலாளர் ஆனார். ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வயது வரம்பு 25; உங்கள் மகனுக்கு மூன்று ஆண்டுதான் இருக்கிறது. ரயில்வேயில் சேர்ந்தால் ரஞ்சியில் அந்த அணிக்கே ஆட வேண்டி வரும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். வங்கிகளும் வருமான வரித்துறையும் இருக்கின்றன. பட்டப்படிப்பு பாதியில் நின்றிருந்தால் அஞ்சல் வழியிலாவது முடிக்கச் சொல்லுங்கள்.

பணம், முதலீடு எல்லாம் மகன் பெயரிலேயே இருக்கட்டும். ஐபிஎல் முடிந்து அவர் வீடு திரும்பியதும், ஜூன் 15க்கு முன்பாக, ஒப்பந்த நகலையும் பிசியோ, ஜிம் ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு ஆடிட்டரிடம் போங்கள். நீங்கள் பக்கத்தில் இருங்கள். கேள்விகளை அவரே கேட்கட்டும்.